உமறுப்புலவர் பள்ளியும் நம் ஞாயிறு வகுப்பும்

(நம் சங்கத்தின் பொன்விழாத் தொடக்கக் கூட்டத்தில் இளையர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை. மலர்க்குழுவின் விருப்பப்படி எழுத்தில் தரப்படுகிறது.)





'நம் சமூகமும் கல்வியும்' என்ற தலைப்பில் இளையர் பிரிவிலிருந்து பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்க எங்களால் முடியாது. ஒரே ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறோம். பிறகு இந்த மண்டபத்துக்கு மேல்மாடியில் நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். பிரியாணி ஆறுவதற்குள் முடித்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு 'உமறுப்புலவர்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது புலவரல்ல, பேருந்து. நாங்கள் படித்த உயர்நிலைப்பள்ளியில் தமிழ் சொல்லித்தர ஆசிரியர் இல்லை. பள்ளி முடிந்ததும் மற்ற பிள்ளைகள் பந்து விளையாடப் போவார்கள். நாங்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ சீருடையோடு பேருந்து ஏறி உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போவோம். தீவின் பல மூலைகளிலிருந்தும் வேறு வேறு நிறச் சீருடையில் பிள்ளைகள் வந்திருப்பார்கள். பசி, தூக்கம், அதற்கு நடுவில் இலக்கணம். திட்டிக்கொண்டேதான் போனோம். அந்த நிலையம் இன்று பீட்டி சாலையில் இருக்கிறது. இப்போது போகும் பிள்ளைகள் அதை 'யூபிடிஎல்சி' என்று ஆங்கில எழுத்துகளாகவே சொல்கிறார்கள். அந்த 'யூ' யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. நான்கு வருடம் போய்வந்தும் எங்களில் ஒருவர்கூட அன்று அதைக் கேட்டதில்லை.

பொன்விழா மலருக்காகப் பழைய உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசியபோதுதான் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்கு உறைத்தது. மொழி நிலையத்துக்கு முன் அதே பெயரில் ஒரு முழுப் பள்ளிக்கூடம் இருந்தது. அதைத் தொடங்கியது அரசாங்கமல்ல. தஞ்சோங் பகாரில் குடியிருந்த நம் ஆட்கள்.

கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்தவர்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள். தறி நெய்து பிழைத்த ஊர். தறி சோறு போடாத காலத்தில் கப்பலேறினார்கள். மற்ற ஊர்களிலிருந்து பெரும்பாலும் ஆண்கள் மட்டும் வந்து, சம்பாதித்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்த நாளில், இவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஆண்கள் துறைமுகத்தில் வேலை பார்த்தார்கள். பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் பக்கத்தில் 'கடையநல்லூர் ஸ்திரீட்' என்ற பெயர்ப்பலகை இன்றும் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் அலுவலகக்காரர்கள் அந்தப் பெயரை எப்படி வாசிப்பார்களோ தெரியாது.

குடும்பத்தோடு வந்ததால் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் இருந்ததால் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் காலம். அந்த மூன்றரை ஆண்டுகளில் பட்டினியைத் தவிர வேறெதையும் யோசிக்க முடிந்திருக்காது. போர் முடிந்து ஓராண்டுக்குள், 1946இல், உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கிவிட்டது. ஏ. என். மைதீன் போன்றவர்களின் பெயர் அந்தக் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. பெயர் தெரியாமல் போனவர்கள் அவர்களைவிட அதிகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கையால் சந்தா கொடுத்தவர்கள் அவர்கள்.

பள்ளிக்கு அவர்கள் வைத்த பெயரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பணம் கொடுத்த முதலாளி பெயரையோ ஊர்ப் பெயரையோ வைத்திருக்கலாம். சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரை வைத்தார்கள். அவர் எட்டயபுரம் சமஸ்தானத்துப் புலவர். நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்களாக, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் தமிழில் பாடியவர். அந்த நூலுக்குப் பின்னால் நின்றவர்கள் வியாபாரிகள் என்பது, கடை நடத்தும் எங்களுக்குத் தனிச் சந்தோஷம். கீழக்கரை வள்ளல் சீதக்காதி தூண்டிவிட்டார். அவர் மறைந்த பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார் என்று வரலாறு சொல்கிறது. ஒரு கை ஓய்ந்ததும் இன்னொரு கை பிடித்திருக்கிறது. அப்படியும் காப்பியம் நாயகத்தின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்கவில்லை. மீதியைப் பின்னால் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' என்று பாடினார்.

முதலில் அது தொடக்கப்பள்ளிதான். சிங்கப்பூரில் அப்போது தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் பல இருந்தன. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை அதற்குமேல் தமிழில் படிக்க இடமில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் படிப்பு நின்றுவிடும். பையன் கடைக்கோ துறைமுகத்துக்கோ போவான். பெண் பிள்ளை வீட்டுக்குள் போவாள். 1956ஆம் ஆண்டு அனைத்துக் கட்சிக் குழு நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. ஆனால் தமிழுக்கு உயர்நிலைப்பள்ளியே இல்லாதபோது எதைச் சமமாக நடத்துவது? 1960இல் உமறுப்புலவர் பள்ளியில் உயர்நிலை வகுப்புகள் வந்தபோதுதான் அதற்குப் பதில் கிடைத்தது. சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப்பள்ளி அது. முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளி. ஆனால் தமிழ் படிக்க விரும்பிய எல்லாருக்கும் வேறு வாசல் இல்லை. எல்லாரும் அங்கேதான் வந்தார்கள்.

மேக்ஸ்வெல் சாலைப் பள்ளி என்று பெரியவர்கள் அதைச் சொல்கிறார்கள். கட்டடத்தைப் பற்றிக் கேட்டால் யாரும் தூணையும் சுவரையும் சொல்வதில்லை. மசாலா வாசனை வகுப்பறைக்குள் வரும் என்கிறார் ஒருவர். துறைமுகத்தில் வேலை முடிந்து வரும் வாப்பா பள்ளி வாசலில் நின்று தன்னைக் கூட்டிக்கொண்டு போவார் என்கிறார் இன்னொருவர். வீடு, வேலை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்து போகும் தூரம். நகரத்தின் நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருப்பதன் பலம் அதுதான். பின்னால் அதுவே பலவீனமாகவும் ஆனது. அதற்கு வருகிறோம்.

நம் மூத்த உறுப்பினர் ஒரு தாயார், இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார், பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டார், தம் வீட்டுக் கதையைச் சொன்னார். அவருடைய வாப்பா பள்ளிக்காக ரசீதுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்கியவர். ஒரு வெள்ளி கொடுத்தாலும் ரசீது எழுதிக் கொடுப்பாராம். மூத்த மகனை உமறுப்புலவர் பள்ளியில் சேர்த்தார். மகன் நன்றாகப் படித்தார். பௌதிகம், இரசாயனம் எல்லாம் தமிழில். படித்து முடித்துக் கப்பல் பட்டறை ஒன்றில் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். கேட்டது ஆங்கிலத்தில். கேள்வி புரிந்தது. விடையும் தெரியும். வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம்.

அந்த வருடக் கடைசியில் கடைசி மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த மகள்தான் இந்தத் தாயார். வாப்பா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். மறுநாள் வழக்கம்போல ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உமறுப்புலவர் பள்ளிக்குப் பணம் திரட்டக் கிளம்பிவிட்டார்.

"வாப்பா செஞ்சது சரியா தப்பான்னு அறுபது வருஷமா யோசிக்கிறேன், எனக்கே தெரியல," என்றார் அந்தத் தாயார். அண்ணன் பிறகு இரவு வகுப்பில் ஆங்கிலம் படித்து, நல்ல வேலையில் இருந்து ஓய்வு பெற்றாராம். வாப்பாவை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவருடைய பிள்ளைகளையும் ஆங்கிலப் பள்ளியில்தான் சேர்த்தார்.

இதைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இரட்டை வேடம் என்றும் தோன்றவில்லை. பள்ளி வேண்டும் என்று அந்த மனிதர் உண்மையாகவே நினைத்தார். தன் மகளுக்குச் சாப்பாடு வேண்டும் என்றும் உண்மையாகவே நினைத்தார். சீன மொழியில் படித்தவர்களுக்கு நன்யாங் பல்கலைக்கழகம் இருந்தது. தமிழில் உயர்நிலை முடித்தவர் இங்கே மேற்கொண்டு தமிழ்வழியில் படிக்கப் பல்கலைக்கழகம் கிடையாது. சிலர் தமிழாசிரியர் ஆனார்கள். நம்மில் பலருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். எல்லாரும் ஆசிரியர் ஆக முடியுமா?

மற்றக் காரணங்களும் சேர்ந்துகொண்டன. 1966 முதல் உயர்நிலைப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமானது. ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டே தமிழையும் ஒரு பாடமாகப் படிக்கலாம் என்றானபோது, முழுத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய அவசியம் பல வீடுகளில் போய்விட்டது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் போனதும் தளங்களில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. தமிழ்த் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தால் உயர்நிலைக்கு எங்கிருந்து வருவார்கள்? பிறகு குடிமாற்றம். தஞ்சோங் பகார் குடும்பங்கள் தோப்பாயோ, அங் மோ கியோ, பிடோக் என்று வீவக வீடுகளுக்குப் போயின. தண்ணீர் வசதி, கழிவறை, தனி அறை. யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் நடந்து போன பள்ளிக்கு இப்போது இரண்டு பேருந்து மாற வேண்டியதாயிற்று. பக்கத்துப் புளோக்கிலேயே புதுப் பள்ளி இருந்தது.

உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடியது. 1987க்குள் நாட்டின் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல் மொழியாகக் கொண்டுவிட்டன. ஆகவே இன்னும் ஐந்தாண்டு தாக்குப்பிடித்திருந்தாலும் பழையபடி நடந்திருக்காது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பள்ளி மூடப்பட்டது யாருடைய சதியுமல்ல. ஆங்கிலத்தில் படித்ததால்தான் எங்களில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போக முடிந்தது, வங்கியில் கடன் கேட்டுப் பேச முடிந்தது, கடை வைக்க முடிந்தது. தமிழ்வழிப் பள்ளி திரும்ப வேண்டும் என்று கேட்க நாங்கள் இங்கே வரவில்லை.

நாங்கள் சொல்ல வந்தது வேறு. 1982 என்று நாம் தேதி போடுகிறோம். கடை நடத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும். கதவை இழுத்துச் சாத்தும் நாள் கடை மூடிய நாளல்ல. வழக்கமாக வருகிற வாடிக்கையாளர் ஒருவர் ஒரு மாதம் வரமாட்டார். கேட்டால் வீடு மாறிவிட்டதாகச் சொல்வார். நியாயமான காரணம். அடுத்த மாதம் இன்னொருவர், அவருக்கும் நியாயமான காரணம். கணக்கு எழுதுகிறவருக்குத் தெரிவதற்குள் பாதிக் கடை போயிருக்கும். அந்தத் தாயாரின் வாப்பா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலப் பள்ளி வாசல் ஏறிய காலை அப்படிப்பட்ட ஒன்று. அவரே அதைக் கவனித்திருக்க மாட்டார். கையில்தான் ரசீதுப் புத்தகம் இருந்ததே.

பள்ளியோடு போனது படிப்பு மட்டுமல்ல என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். மாலையில் கூட்டம் போட, பெண்கள் சேர்ந்து உட்கார, ஊர்க் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க ஓர் இடம் இருந்தது. படிப்புக்கு வேறு வழி கிடைத்தது. அந்த இடத்துக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருகிறோம்.

நம் சங்கம் தொடங்கியபோது உமறுப்புலவர் பள்ளி நடந்துகொண்டிருந்தது. சங்கத்துக்குப் பத்து வயது ஆவதற்குள் அது மூடிவிட்டது. நம் பழைய வரவு செலவுப் புத்தகத்தில் தொடக்க ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்த கணக்கு இருக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் அந்த வரி நின்றுபோய், 'ஞாயிறு தமிழ் வகுப்பு, வெண்கட்டி, விளக்கு' என்று புது வரி தொடங்குகிறது. யாரும் விழா எடுத்துத் தொடங்கிய வகுப்பு அல்ல. பள்ளி போனபின் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்த யாரோ ஒருவர் மேல்மாடிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

அந்த அறையை அடுத்த ஆண்டிலிருந்து வாடகைக்கு விடலாம், வகுப்பை இணையவழி நடத்தலாம், வாடகைப் பணத்தைக் கல்வி உதவிநிதியில் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை செயலவை முன் இருக்கிறது. யோசனை சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கணக்கும் தப்பில்லை. வகுப்புக்கு இப்போது 14 பிள்ளைகள்தான் வருகிறார்கள். மழை பெய்தால் 9. உதவிநிதி பெற்றுப் படித்தவர்கள் எங்களிலேயே இருக்கிறோம். அந்த நிதி பெருகுவதை நாங்கள் எப்படி வேண்டாம் என்போம்?

ஆனாலும் எதிர்க்கிறோம். கொஞ்சம் வெட்கத்தோடு எதிர்க்கிறோம். ஏனென்றால் இளையர் பிரிவுச் செயற்குழுவில் பிள்ளை பெற்றவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேரின் பிள்ளைகள்தான் மேல்மாடிக்கு வருகிறார்கள். மீதி மூன்று பேருக்கும் காரணம் இருக்கிறது. நீச்சல், துணைப்பாடம், குர்ஆன் வகுப்பு, தூரம். எல்லாம் நியாயமான காரணம். ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் நாங்கள்தான்.

வகுப்பிலும் குறை இருக்கிறது. பல வருடமாகப் பழைய தேர்வுத்தாள்களைப் போட்டுப் பயிற்சி கொடுக்கிறோம். அதை வெளியே துணைப்பாட நிலையங்கள் நம்மைவிட நன்றாகச் செய்கின்றன. பெற்றோர் அங்கே போவதில் என்ன தப்பு? நம்மால் மட்டும் முடிகிற ஒன்றை நாம் செய்யவில்லை. அத்தா என்றும் வாப்பா என்றும் வேறு வேறாகக் கூப்பிடும் நாகூர், கடையநல்லூர், கூத்தாநல்லூர் வீட்டுப் பெரியவர்கள் கீழே தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் மேலே பயிற்சித்தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். இடையில் பதினெட்டுப் படிக்கட்டு. இணையத்தில் வகுப்பு வந்துவிட்டால் அந்தப் படிக்கட்டும் இருக்காது. சென்ற மாதம் ஒருநாள் மட்டும், ஆசிரியர் வராததால், ஒரு பெரியவர் மேலே போய்த் தான் கப்பலில் வந்த கதையைச் சொன்னார். வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் இறங்கவில்லை. 'பெட்டகம்' என்றால் என்ன, 'நாட்டாமை' என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு பையன் ஆங்கிலத்தில்தான் கேட்டான். பெரியவர் தமிழில்தான் பதில் சொன்னார். இருவருக்கும் புரிந்தது.

வியாபாரத்துக்கும் இது உதவும் என்று ஆசை காட்டலாம். விருதுநகரிலிருந்து வத்தல் மிளகாய் அனுப்புகிறவரிடம் தமிழில் பேசினால் கிலோவுக்கு விலை கொஞ்சம் இறங்கும் என்பது எங்கள் அனுபவம். ஆனால் அதற்காக மட்டும் ஒரு பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை காலை எழுப்ப முடியாது.

எங்கள் வேண்டுகோள் இது. மேல்மாடி அறையை மூன்று வருடத்துக்கு வாடகைக்கு விட வேண்டாம். அந்த வாடகை வராததால் உதவிநிதிக்கு ஏற்படும் குறையை நாங்கள் பொறுப்பேற்கிறோம். உறுப்பினர்களின் 12 கடைகள் மாதாமாதம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கின்றன. தாள் செயலாளரிடம் இருக்கிறது. வகுப்பில் பாதி நேரம் பாடம், பாதி நேரம் பெரியவர்களோடு. மௌலவி ஒருவர் மாதம் ஒருமுறை வந்து சீறாப்புராணத்திலிருந்து வாசித்து விளக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று வருடம் கழித்தும் 14 பிள்ளைகள்தான் என்றால் வாடகைக்கு விடுங்கள். நாங்களே வந்து மேசை நாற்காலியை இறக்கிக் கொடுக்கிறோம்.

பதிவு இன்றே தொடங்குகிறது. முதல் மூன்று பெயர் எங்கள் பிள்ளைகளுடையவை. நேற்றிரவே எழுதிவிட்டோம். ஒரு வீட்டில் நீச்சல் வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றியதில் சின்னச் சண்டையும் நடந்தது. பாரம் வாசலுக்கு இடதுபுறம், நோன்புக் கஞ்சிப் பானை வைக்கும் அதே மேசையில் இருக்கிறது. பேனா இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்று எழுதவில்லை என்று இப்போதுதான் சொன்னார்கள், மாற்றிவிடுகிறோம். வகுப்பு வரும் ஞாயிறு காலை 9.30க்கு. படியேற முடியாத பெரியவர்களுக்காக அன்று மட்டும் வகுப்பைக் கீழேயே நடத்துகிறோம்.